எழுத்து, அடுப்பு, கல்லாப்பெட்டி: ஜப்பானை அறியத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானின் மீது ஆர்வம் கொண்டவர்களில் பலர் மொழியை வகுப்பறையிலும், உணவை உணவகத்திலும், பண்பாட்டைத் திரையிலும் தனித்தனியாகத் தேடுகிறார்கள். டோக்கியோவின் தெருமுனைக் கடை ஒன்றில் ஓர் அரிசி உருண்டை வாங்க ஆகும் அரை நிமிடத்தில் மூன்றும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. உறையில் உள்ளதைப் படிக்க வேண்டும். உள்ளே வைத்திருப்பது மீனா ஊறுகாயா என்று தெரிய வேண்டும். கல்லாவில் நிற்பவர் கேட்கும் கேள்விக்குப் பொருத்தமான பதிலைச் சொல்ல வேண்டும். ஆகவே இலக்கணம், சமையல், நாகரிகம் என்று பாடம் பாடமாகப் பிரிக்காமல், ஒருவர் வீட்டிலிருந்து தொடங்கி அந்நாட்டுத் தெருவுக்குப் போய்ச் சேரும் வரிசையில் படிகளை இங்கே அமைத்திருக்கிறேன்.

முதல் படி: எழுத்து

ஜப்பானிய மொழி மூன்று வகை எழுத்துகளைக் கலந்து எழுதப்படுகிறது. ஹிராகானாவிலும் கட்டகானாவிலும் அடிப்படை எழுத்துகள் 46 வீதம் உள்ளன. சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளில், பொதுப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்துள்ள பட்டியலில் 2,136 இருக்கின்றன. இந்த எண்ணைக் கண்டு மிரளத் தேவையில்லை. முதல் மாதத்தில் கான்ஜியைத் தொடாமல் ஹிராகானாவுக்கு இரண்டு வாரமும் கட்டகானாவுக்கு இரண்டு வாரமும் ஒதுக்கி, ஒவ்வோர் எழுத்தையும் கோடு போடும் முறை மாறாமல் கையால் எழுதிப் பழகினால் போதும். கைபேசிச் செயலியில் எழுத்தை அடையாளம் கண்டு தட்டுவது எளிது. ஆனால் கையால் எழுதாதவர்களுக்கு ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகள், குறிப்பாகக் கட்டகானாவின் 'ஷி'யும் 'த்ஸு'வும், நெடுநாள் குழப்பமாகவே நீடிக்கும்.

தமிழ் படித்தவருக்கு இந்த எழுத்து அட்டவணை அந்நியமாக இருக்காது. அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து உயிர்களை ஒரு பக்கமும், க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்ற மெய்வரிசையை இன்னொரு பக்கமும் வைத்துக் கட்டிய உயிர்மெய்ப் பட்டியல்தான் அது. இந்த வரிசை பௌத்தத்துடன் சென்ற சமஸ்கிருத எழுத்துக் கல்வியின் வழியே ஜப்பானில் நிலைபெற்றது. ஹகர வரிசை பண்டைக்காலத்தில் பகர ஒலியைக் கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நம் நெடுங்கணக்கின் வரிசை அப்படியே தெரியும். குறில் நெடில் வேறுபாடும் நமக்குப் பழக்கமானதே. அத்தை வயதுப் பெண்ணை அழைக்கும் சொல்லுக்கும் பாட்டியை அழைக்கும் சொல்லுக்கும் இடையே ஓர் உயிரின் நீளம் மட்டுமே வேறுபடுகிறது. ஓசையைக் குறிக்கும் சொல்லுக்கும் கணவரைக் குறிக்கும் சொல்லுக்கும் இடையே ஓர் ஒற்று மட்டுமே வேறுபடுகிறது. ஆங்கிலம் பேசுவோர் மாதக்கணக்கில் தடுமாறும் இந்த இடங்களை நம் காது உடனே பிடித்துக்கொள்ளும்.

அதே தமிழெழுத்து ஒரு பொறியும் வைத்திருக்கிறது. வல்லின ஒலிகளை வேறுபடுத்திக் காட்ட நம்மிடம் தனித்தனி எழுத்துகள் இல்லை. ஜப்பானியத்திலோ அந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். சாவிக்கான சொல்லையும் சிப்பிக்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'ககி' என்றே நிற்கும். எனவே குறிப்பேட்டில் ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்யும் பழக்கத்தை ஹிராகானா வந்த அன்றே கைவிட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரையில் தமிழில் தந்திருக்கும் சொற்களும் அடையாளத்துக்கு மட்டுமே. ஒலியைப் பதிவுகளில் கேட்டே பிடிக்க வேண்டும். ஜப்பான் அறக்கட்டளை நடத்தும் 'மினாட்டோ' இணையத்தளத்தில் தொடக்கநிலைப் பாடங்கள் ஒலியுடன் கிடைக்கின்றன.

இரண்டாம் படி: வாக்கியத்தைத் தமிழில் நினைத்தல்

பாடநூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ் மாணவர்கள் ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அதைத் தலைகீழாகப் புரட்டி ஜப்பானியமாக்க முயல்கிறார்கள். இது வீண் வேலை. எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை என்ற வரிசை இரு மொழிகளுக்கும் பொது. நாம் வேற்றுமை உருபு சேர்க்கும் இடத்தில் அவர்கள் ஓர் இடைச்சொல்லைச் சேர்க்கிறார்கள்: 'ஐ' வரும் இடத்தில் 'ஒ', 'இலிருந்து' வரும் இடத்தில் 'கரா', 'வரை' வரும் இடத்தில் 'மதெ', 'உம்' வரும் இடத்தில் 'மோ'. வினையெச்சமும் துணைவினையும் சேரும் முறையில் ஒற்றுமை இன்னும் நெருக்கமானது. சாப்பிட்டுப் பார் என்பதற்கு 'தபெதெ மிரு' என்கிறார்கள். 'மிரு' என்பது பார்த்தல். சாப்பிட்டுவிடு என்று நாம் முடிக்கும் இடத்தில் அவர்களிடம் 'ஷிமாவ்' என்ற துணைவினை இருக்கிறது. முன்கூட்டியே வாங்கிவை என்பதற்கு 'கத்தெ ஒகு' என்கிறார்கள். 'ஒகு' என்றால் வை. ஆங்கில விளக்கத்தில் பல பத்திகளாக விரியும் இந்த இலக்கணம் தமிழில் ஒரு வரியில் முடிந்துவிடும்.

இத்தகைய ஒற்றுமைகளை முன்வைத்துத்தான் ஜப்பானிய மொழியறிஞர் ஒனோ சுசுமு (1919–2008) இரு மொழிகளும் உறவுடையவை என்ற கருத்தைப் பல ஆண்டுகள் வலியுறுத்தினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு உண்டா இல்லையா என்ற வழக்கில் கற்பவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அமைப்பு ஒத்திருக்கும் வசதியை எடுத்துக்கொண்டால் போதும்.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு, அவற்றை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. வந்தேன், வந்தாய், வந்தார் என்று நம் வினை ஆளைக் காட்டும். ஜப்பானிய வினை காட்டாது, 'கிமஷித' என்ற ஒரே வடிவம் எல்லோருக்கும் பொருந்தும். அப்படியிருந்தும் நான், நீங்கள் என்ற சொற்களை அவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். யாரைப் பற்றிய பேச்சு என்பதைச் சூழலிலிருந்துதான் அறிய வேண்டும். எதிரில் இருப்பவரைப் பெயருடன் 'ஸன்' சேர்த்துக் குறிப்பிடுவதே முறை. தன் பெயருடன் அதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. எண்ணும்போது தட்டையான பொருளுக்கு ஒரு விகுதி, நீளமான பொருளுக்கு ஒரு விகுதி, சிறு விலங்குக்கு ஒரு விகுதி என்று மாறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் 'ஹிதொத்ஸு, ஃபுதத்ஸு, மித்த்ஸு' என்ற பொது எண்களை மட்டும் ஒன்றிலிருந்து பத்துவரை கற்றுக்கொள்ளுங்கள். கடையில் எதைக் கேட்பதற்கும் அவை போதும்.

மரியாதை வடிவத்தில் 'தெஸு', 'மஸு' என்று முடியும் பேச்சிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பானது. அனிமே எனும் ஜப்பானிய அசைவோவியப் படங்களைப் பார்த்துக் காதைப் பழக்கிக்கொள்வது நல்லதுதான். ஆனால் அதில் வரும் 'ஒமாயெ' (நீ), 'ஒரெ' (நான்) போன்ற முரட்டுச் சொற்களைக் கடைக்காரரிடமோ அலுவலகத்திலோ பயன்படுத்தினால், முன்பின் தெரியாத பெரியவரை 'வாடா போடா' என்று அழைத்ததற்குச் சமமாகும். நண்பர்களிடையே வழங்கும் பேச்சு, நண்பர்கள் கிடைத்தபின் தானாக வரும்.

தேர்வு எழுதுவதா என்று பலர் கேட்பார்கள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984இல் தொடங்கியது. 2010 முதல் எளிதான என்5 தொடங்கி மிகக் கடினமான என்1 வரை ஐந்து நிலைகளில் நடக்கிறது. இந்தியாவில் ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதலாம். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்பு இதை நடத்துகிறது. என்5 நிலையில் 180க்கு 80 மதிப்பெண் பெற வேண்டும், அத்துடன் கேட்டல் பகுதியில் தனியாகக் குறைந்தது 19 பெற வேண்டும். இத்தேர்வில் பேச்சும் எழுத்தும் இல்லை, விடையைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே. ஆகவே என்4 சான்றிதழ் கையில் இருந்தும் வாய் திறக்க முடியாதவர்களைக் காணலாம். 2019 ஏப்ரலில் தொடங்கிய குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவில் போக விரும்புவோருக்கு என்4 அல்லது அதற்கு இணையான அடிப்படைத் தேர்வு பொதுவாகத் தேவைப்படும். பண்பாட்டை அறிவதற்காக மட்டும் கற்பவர்கள் தேர்வை ஒரு காலக்கெடுவாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அதற்கு மதிப்பளிக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

மூன்றாம் படி: அடுப்பில் தொடங்குதல்

ஜப்பானிய உணவு என்றதும் பலரும் சுஷியிலிருந்து தொடங்குகிறார்கள். அது கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம். வீட்டுச் சாப்பாட்டின் அடித்தளம் சோறு, ஒரு சூப், சில பக்க உணவுகள் என்ற அமைப்பு. 'வஷொக்கு' எனப்படும் இந்த உணவு மரபை யுனெஸ்கோ 2013இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இந்த அமைப்பின் உயிர் 'தஷி' என்ற சாறு. அது நாவுக்குப் பிடிபட்டால், மிஸோ எனும் புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பிலிருந்து நூடுல்ஸ் குழம்பு வரை எல்லாவற்றின் அடிச்சுவையும் பிடிபட்டுவிடும்.

செய்முறை எளியது. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு எனும் உலர்ந்த கடற்பாசியைப் போட்டு அரைமணி நேரம் ஊறவிடுங்கள். அதன் மேல் படிந்திருக்கும் வெண்பொடியைக் கழுவிவிடக் கூடாது, ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். பிறகு சிறு தீயில் ஏற்றி, பாத்திரத்தின் ஓரத்தில் சின்னக் குமிழிகள் எழும்போது, கொதி வருவதற்கு முன்பே பாசியை எடுத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். சைவர்களுக்கு இதுவே முழுமையான தஷி. இரவெல்லாம் குளிர்நீரில் ஊறிய உலர் ஷீத்தாக்கே காளான் சாற்றை இதனுடன் சேர்த்தால் இன்னும் செறிவாக இருக்கும். மீன் சாப்பிடுவோர், சாறு ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து 20 முதல் 30 கிராம் கத்ஸுவோபுஷி சீவலைத் தூவி, ஓரிரு நிமிடத்தில் வடிகட்டிக்கொள்ளலாம். கத்ஸுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திச் செய்த கட்டை. இலங்கையிலும் தென்கடற்கரையிலும் மாசியில் சம்பல் அரைத்துப் பழகியவர்களுக்கு அந்த மணம் புதிதாக இருக்காது. மாசியும் அதே மீனை ஏறத்தாழ அதே வழியில் பக்குவப்படுத்தியதுதான். இந்தச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று 1908இல் கண்டறிந்து, அதற்கு 'உமாமி' என்று பெயரிட்டவர் வேதியியலாளர் இக்கெதா கிகுநாயெ. அவர் ஆராய்ந்ததும் இந்தக் கொம்புவைத்தான்.

சாறு கிடைத்ததும் மிஸோ சூப் கால்மணி நேர வேலை. காய்கறியையோ தோஃபு எனும் சோயாக் கட்டியையோ சாற்றில் வேகவிட்டு, அடுப்பை அணைத்தபின், கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் மிஸோ விழுதைக் கரைத்துவிடுங்கள். மிஸோ சேர்ந்தபின் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். உப்பு தனியாக வேண்டாம், விழுதிலேயே இருக்கிறது.

சோற்றுக்குப் பொன்னிப் புழுங்கல் உதவாது. குட்டையான, ஒட்டும் தன்மையுள்ள பச்சரிசி வேண்டும். பெருநகரங்களில் சுஷி அரிசி என்ற பெயரில் கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம். நான்கைந்து முறை களைந்து, அரைமணி நேரம் ஊறவைத்து, அரிசியின் அளவைவிடச் சற்றே கூடுதலாக, ஒன்றேகால் பங்குக்கு மேற்படாமல் நீர் வைத்து மூடிப் பொங்குங்கள். கஞ்சி வடிப்பதில்லை, உப்புச் சேர்ப்பதில்லை. அடுப்பை அணைத்தபின் பத்து நிமிடம் மூடியைத் திறக்காமல் விடுவது முக்கியம். குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிடும் சோறு அல்ல இது. சோற்றைச் சோறாகவே ஒரு வாய், பக்க உணவில் ஒரு வாய், சூப் ஒரு மிடறு என்று மாற்றி மாற்றி உண்பதே அதற்குரிய முறை. அந்த முறையில் சாப்பிட்டுப் பார்த்தால்தான் பக்க உணவுகள் ஏன் அவ்வளவு சிறிய அளவில் வருகின்றன என்பது விளங்கும்.

நான்காம் படி: வெளியே சாப்பிடுவது, அதிலும் சைவமாக

மாமிசம் உண்பவர்களுக்கு ஜப்பானில் சிக்கல் மிகக் குறைவு. மதிய வேளையில் 'தெய்ஷொக்கு' என்ற செட் சாப்பாடு தரும் கடைகளைத் தேடினால் நியாயமான விலையில் வயிறு நிறையும். வாசலில் சீட்டு இயந்திரம் இருந்தால் முதலில் பணம் செலுத்தி, சீட்டைப் பரிமாறுபவரிடம் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். சோற்றுக் கிண்ணத்தை இடக்கையில் தூக்கிப் பிடித்துச் சாப்பிடுவது அங்கே நாகரிகம். நூடுல்ஸை உறிஞ்சும் ஓசை குற்றமில்லை. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவதும், ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் கூடாது. முன்னது இறந்தவருக்குப் படைக்கும் முறை. பின்னது தகனத்துக்குப் பின் எலும்புகளைப் பொறுக்கும்போது உறவினர் செய்வது. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. மேசையில் விட்டுவந்தால் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று எண்ணித் தெருவரை ஓடிவந்து கொடுக்கவும் கூடும்.

சைவர்களுக்குத்தான் முன்னேற்பாடு வேண்டும். இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது சைவம் என்று பரிமாறுபவர் நினைக்கலாம். தஷி கலந்த குழம்பு, காய்கறிக் கூட்டின் மேல் தூவிய மீன் சீவல் ஆகியவை அவர் கணக்கில் வருவதில்லை. எனவே "நான் சைவம்" என்று சொல்வதைவிட, எதைச் சாப்பிடமாட்டேன் என்று எடுத்துச் சொல்வதே பயன் தரும். 'நிக்கு மோ சகானா மோ தபெமஸென்' என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன் என்று பொருள். அதன்பின் 'கத்ஸுவோ தஷி மோ' என்று சேர்த்தால் மீன் சாறும் வேண்டாம் என்பது விளங்கிவிடும். இதையே ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு நீட்டுவது இன்னும் உறுதியான வழி. மது தவிர்ப்பவர்கள், இனிப்பும் பளபளப்பும் உள்ள சாறுகளில் மிரின் என்ற அரிசி மது கலந்திருக்கக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உறையிட்ட பொருள்களில் ஒவ்வாமைக் குறிப்பைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. கட்டாயமாகக் குறிக்க வேண்டியவை இறால், நண்டு, அக்ரூட், கோதுமை, பக்வீட், முட்டை, பால், நிலக்கடலை போன்ற சில பொருள்கள் மட்டுமே. மீனும் மாமிசமும் அவற்றில் இல்லை. உள்ளடக்கப் பட்டியலைத்தான் படிக்க வேண்டும். அங்கே கட்டகானாவில் 'எகிஸு' என்று முடியும் சொற்களைத் தேடுங்கள். அது சாறு என்பதைக் குறிக்கும். அதற்கு முன்னால் 'போக்கு', 'சிகின்', 'கத்ஸுவோ' என்று இருந்தால் முறையே பன்றி, கோழி, சூரை. உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தில்கூட இவை தென்படும். கட்டகானாவுக்குச் செலவிட்ட இரண்டு வாரம் இந்த ஒரு வேலையிலேயே வசூலாகிவிடும்.

கறிச்சோறு பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஜப்பானியக் கறி பிரிட்டன் வழியாக மெய்ஜி காலத்தில் (1868–1912) வந்தது. டோக்கியோவின் ஷின்ஜுகுவில் உள்ள நகமுராயா கடை 1927இல் இந்தியக் கறியை விற்கத் தொடங்கியதற்கு, அங்கே அடைக்கலம் பெற்றிருந்த விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ் காரணமானார். பெயரைக் கண்டு நம் குழம்பு என்று எண்ணிவிட வேண்டாம். காய்கறிக் கறி என்றாலும் அதில் கரைக்கும் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ உண்டு. உண்மையான சைவ விருந்து வேண்டுமானால் 'ஷோஜின் ரியோரி' எனும் பௌத்த மடத்து உணவைத் தேட வேண்டும். கோயா மலையில் மடங்களிலேயே தங்கி அதை உண்ணலாம். பூண்டும் வெங்காயமும் அதில் சேர்ப்பதில்லை.

ஐந்தாம் படி: கல்லாவின் முன்னால்

பேச்சுப் பயிற்சிக்குச் சிறந்த இடம் 'கொம்பினி' எனப்படும் சிறுகடை. செவன்-லெவன், லாசன், ஃபேமிலிமார்ட் ஆகியவை நகரெங்கும் உள்ளன. பெரும்பாலானவை இரவும் பகலும் திறந்திருக்கும். எந்தக் கடைக்குப் போனாலும் உரையாடல் ஏறத்தாழ ஒன்றேதான். இரண்டு நாள் தயாரித்துக்கொண்டு போனால், அந்நிய மொழியில் ஒரு முழு உரையாடலை நடத்தி முடித்த நிறைவு முதல் நாளிலேயே கிடைக்கும்.

உள்ளே நுழைந்ததும் 'இரஷ்ஷாய்மஸே' என்ற குரல் எழும். அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. பொருளைக் கல்லாவில் வைத்ததும் 'பொய்ன்தோ காதோ' என்று தொடங்கும் கேள்வி வரும். புள்ளி அட்டை இருக்கிறதா என்று கேட்கிறார்கள், இல்லையென்றால் 'நாய் தெஸு' போதும். சோற்றுப் பெட்டி வாங்கியிருந்தால் 'அததமெமஸு கா' என்பார்கள். சூடாக்கட்டுமா என்பது பொருள். வேண்டுமென்றால் 'ஒனெகாய்ஷிமஸு', வேண்டாமென்றால் 'தாய்ஜோபு தெஸு'. அடுத்து 'ஃபுகுரோ', அதாவது பை. 2020 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குக் காசு உண்டு என்பதால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். கடையிலேயே உட்கார்ந்து சாப்பிடப் போகிறீர்களா, எடுத்துச் செல்கிறீர்களா என்றும் கேட்கலாம். 2019 அக்டோபரில் வந்த வரிமுறைப்படி எடுத்துச் செல்லும் உணவுக்கு 8 விழுக்காடும், அங்கேயே உண்பதற்கு 10 விழுக்காடும் வரி. பணத்தைக் கையில் திணிக்காமல் முன்னால் இருக்கும் சிறு தட்டில் வையுங்கள். பல கடைகளில் இப்போது வாடிக்கையாளரே இயந்திரத்தில் செலுத்த வேண்டியிருக்கிறது.

முதல் கொள்முதலுக்கு 'ஒனிகிரி' எனும் முக்கோணச் சோற்று உருண்டை ஏற்றது. உறையில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். ஒன்றைப் பிடித்து நடுவில் கீழ்நோக்கி இழுத்து, பின் இரண்டையும் மூன்றையும் பக்கவாட்டில் உருவினால், ஈரம் படாமல் தனியே வைத்திருந்த மொறுமொறுப்பான கடற்பாசித் தாள் சோற்றைச் சுற்றிக்கொள்ளும். எண்ணைப் பாராமல் கிழித்தால் தாள் பாதி உறையோடு போய்விடும். சைவர்கள் 'உமெ' எனும் உப்பிலிட்ட புளிப்புப் பழம் வைத்ததைத் தேடலாம். அதிலும் உள்ளடக்கப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சாப்பிட்டபின் உறையைப் போடத் தெருவில் தொட்டி கிடைக்காது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த சாரின் தாக்குதலுக்குப் பிறகு பல நிலையங்களில் தொட்டிகளை அகற்றிவிட்டார்கள். பையில் ஒரு வெற்று உறையை வைத்துக்கொண்டு, குப்பையைத் தங்குமிடத்துக்கே கொண்டுபோவதுதான் அங்குள்ளோர் வழக்கம்.

ஆறாம் படி: வாசலும் குளியலறையும்

செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் எந்த இடத்தில் கழற்றுகிறோம் என்பதில் வேறுபாடு உண்டு. 'கென்கன்' எனும் முன்வாசல் வீட்டுத் தளத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். தாழ்ந்த தளத்தில் காலணியிலிருந்து பாதத்தை எடுத்து, அந்தத் தரையைத் தொடாமல் நேராக மேல்தளத்தில் வைக்க வேண்டும். காலுறையோடு கீழ்த்தளத்தில் நின்றுவிட்டு மேலே ஏறினால் தெரு அழுக்கை உள்ளே கொண்டுவந்ததாகவே கருதுவார்கள். ஏறும்போது 'ஒஜமஷிமஸு' (இடையூறு செய்கிறேன்) என்று சொல்லி, காலணிகளின் முனை வாசலை நோக்கியிருக்குமாறு திருப்பி வையுங்கள். உள்ளே தரும் செருப்பைத் ததாமி பாய் விரித்த அறையில் கழற்றிவிட வேண்டும். கழிவறைக்கு வேறு செருப்பு, அதோடு வெளியே வந்துவிடக் கூடாது. கையில் ஒரு பலகாரப் பெட்டி கொண்டுபோவது நல்லது, தனித்தனியாக உறையிட்டதாக இருந்தால் மிகவும் நல்லது.

வெந்நீர் ஊற்றுக் குளியலான 'ஒன்சென்' பலருக்குத் தயக்கம் தரும் இடம். ஆடையின்றியே இறங்க வேண்டும். தொட்டியில் இறங்குமுன் சிறு முக்காலியில் அமர்ந்து உடலை முழுதும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். சிறு துவாலை தண்ணீரில் படக் கூடாது. பச்சை குத்தியவர்களை அனுமதிக்காத இடங்கள் உண்டு என்பதால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆண், பெண் என்ற இரண்டு கான்ஜிகளையும் போகுமுன் கண்ணுக்குப் பழக்கிக்கொள்வது அவசியம். சில விடுதிகளில் இரு பக்கங்களையும் நாள்தோறும் மாற்றிவிடுவார்கள், நேற்றைய நினைவில் நுழைந்தால் சங்கடமாகிவிடும்.

ஏழாம் படி: கோயில்கள்

ஜப்பானின் தொன்மையான சமயமான ஷின்டோவின் ஆலயத்தையும் பௌத்தக் கோயிலையும் பிரித்தறியச் சுலபமான வழி, நுழைவாயிலில் 'தொரீ' எனும் இரு தூண் தோரணம் நிற்கிறதா என்று பார்ப்பது. நின்றால் பெரும்பாலும் அது ஷின்டோ. அங்கே தண்ணீர்த் தொட்டியில் அகப்பையால் முதலில் இடக்கை, பின் வலக்கை கழுவி, இடக்கையில் ஏந்திய நீரால் வாய் கொப்பளித்து, மீண்டும் இடக்கையைக் கழுவ வேண்டும். நாணயத்தை இட்டபின் இருமுறை தலை வணங்கி, இருமுறை கைதட்டி, கைகூப்பி வேண்டிக்கொண்டு மறுபடி ஒருமுறை வணங்குவது பொது முறை. இசுமோ பேராலயத்தில் நான்கு முறை தட்டுவார்கள். பௌத்தக் கோயிலில் கைதட்டுவதில்லை, நாம் கும்பிடுவது போலக் கைகூப்பினால் போதும்.

பௌத்தத்துடன் நம் தெய்வங்கள் பலவும் அங்கே குடிபெயர்ந்திருக்கின்றன என்பதால், தமிழ்ப் பயணிக்குக் கோயில் வழியாகச் செல்வது சுவையான வழி. வீணைக்குப் பதில் பிவா எனும் நரம்புக் கருவியை ஏந்திய பென்சாய்தென் நம் சரஸ்வதி. பீவா ஏரியின் சிகுபு தீவிலும் டோக்கியோவை அடுத்த எனோஷிமாவிலும் அவளுக்குப் புகழ்பெற்ற தலங்கள் உண்டு. டோக்கியோவின் ஷிபமாதாவில் இந்திரன் தாய்ஷாகுதென் என்ற பெயரில் இருக்கிறான். அசகுசாவின் மாத்சுசியாமா ஷோதெனில் பிள்ளையார் கன்கிதெனாக வழிபடப்படுகிறார். அங்கே பக்தர்கள் வாங்கிப் படைப்பது முழு வெள்ளை முள்ளங்கி; கோயிலிலேயே அதை விற்கிறார்கள், சுவர்களிலும் விளக்குகளிலும் முள்ளங்கி வடிவம் செதுக்கப்பட்டிருக்கிறது. நாராவின் தோதாய்ஜி பெருங்கோயிலுக்குப் போவோர் இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போகலாம்: 752ஆம் ஆண்டு அங்குள்ள மாபெரும் புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர், அவர் தென்னிந்தியர் என்றே மரபு சொல்கிறது.

எட்டாம் படி: எப்போது போவது, போனபின் எங்கே பதிவது

ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுப்பகுதி ஆகியவை உள்ளூர் மக்களே பெருமளவில் பயணம் செய்யும் நாள்கள். அறையும் ரயிலும் கிடைப்பது கடினம். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை சிறு கடைகளும் அருங்காட்சியகங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும். ஜூனில் மழை, ஆகஸ்டில் சென்னையை நினைவூட்டும் புழுக்கம். முதல் பயணத்துக்கு அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும் எனக்குப் பிடித்தவை. கியோட்டோவில் இலைகள் சிவப்பது நவம்பரின் பின்பாதியில். சுமோ மல்யுத்தம் பார்க்க விரும்புவோர், டோக்கியோவில் ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் மட்டுமே 15 நாள் போட்டிகள் நடக்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ரயிலில் பேச்சைத் தாழ்த்தி, கைபேசியில் பேசாமல் இருப்பது எழுதாத சட்டம். சுற்றுலாப் பயணிகள் குறிப்பிட்ட நாள்களுக்கு ரயிலில் எத்தனை முறையும் செல்ல உதவும் ஜேஆர் பாஸ் கட்டாயம் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும். 7 நாள் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தபின் அந்தக் கணக்கு மாறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் எனும் அதிவேக ரயிலின் கட்டணம் ஒருவழிக்கு ஏறத்தாழ 14,000 யென் என்பதால், அங்கே போய்த் திரும்புவதற்கு மட்டும் பாஸ் வாங்குவது நட்டம். நகருக்குள் சுயிகா போன்ற, முன்பணம் ஏற்றிப் பயன்படுத்தும் அட்டை ஒன்று போதும். கொம்பினியிலும் அதைத் தட்டிப் பணம் செலுத்தலாம்.

படிக்கவோ வேலை செய்யவோ செல்பவர்கள், குடியேறிய 14 நாள்களுக்குள் உள்ளூராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். எரியும் குப்பை எந்த நாள், பாட்டில்கள் எந்த நாள், பழந்தாள் எந்த நாள் என்று காட்டும் நாட்காட்டியை அங்கே கேட்டு வாங்குங்கள். ஊருக்கு ஊர் விதி மாறும், தவறான நாளில் வைத்த பையை எடுக்காமல் விட்டுச் செல்வார்கள். பல ஊர்களில் தன்னார்வலர்கள் வாரந்தோறும் நடத்தும் ஜப்பானிய மொழி வகுப்புகள் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் எதிரில் அமர்ந்து பேசிப் பழக்கும் இடங்கள் அவை. திறன் தேர்வு சோதிக்காத பேச்சு அங்குதான் வரும். நாட்காட்டி வாங்கும்போதே அந்த வகுப்புகளின் இடத்தையும் நேரத்தையும் அதே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.